விலைக்கு வாங்கும் விலாசம்

பண்டத்தை வாங்கி விற்பது வாணிபம். பணத்தை வாங்கி விற்பதும் வாணிபமாயிற்று. இப்பொழுது விலாசத்தையே வாடகைக்கு விடும் வாணிபம் ஒன்று தோன்றி, கடல் கடந்து எங்கள் ஊவா மலைகளுக்கும் வந்துவிட்டது. பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் வாழும் எம் இளைஞர் பலர் இதனை நன்கறிவர். அறியாத வாசகர்களுக்காக அதன் இயல்பை முதலிற் கூறிவிடுகின்றோம். நாம் தொடுக்கும் வழக்கு அதிலிருந்தே பிறக்கின்றது.

ஜப்பானிலே ஒரு கம்பெனி ஓர் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்கின்றது. அதனைத் தன் நாட்டுக்குள்ளே மாத்திரம் விற்கின்றது. பிறநாட்டில் ஏக விநியோகஸ்தர் ஒருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒரு காரணம். ஜப்பானிய மின்சாரத்துக்கும் அலைவரிசைச் சட்டத்துக்கும் ஏற்பச் செய்த கருவி என்பது இன்னொன்று. பழுதுபார்க்கும் பொறுப்பைக் கடல் கடந்து ஏற்க விரும்பாமை மூன்றாவது. காரணம் எதுவாயினும், இலங்கை விலாசத்தை எழுதியவுடன் கடைக்காரர் கையை விரித்துவிடுகின்றார். அப்பொழுது இடையிலே ஒருவர் வருகின்றார். தோக்கியோவிலே தமக்கொரு பண்டகசாலை உண்டென்றும், அங்கே உமக்கோர் இலக்கம் தருவதாகவும், அந்த இலக்கத்தையே உமது வீடாகக் காட்டிப் பொருளை வாங்கலாமென்றும் அவர் கூறுகின்றார். பொருள் அங்கே சென்று சேரும். அவர் அதை மறுபடி கட்டி இலங்கைக்கு அனுப்புவார். ஜப்பானிய மொழியில் இத்தொழிலுக்குத் 'தென்சோ' என்று பெயர். வந்ததை மறுபடி வழியனுப்புதல் என்பது பொருள். அமெரிக்காவிலே இத்தொழில் செய்வோர் பலர் ஓரிகன், டெலவெயர் ஆகிய மாநிலங்களிற் பண்டகசாலை வைத்திருக்கின்றனர். அம்மாநிலங்களில் விற்பனை வரி இல்லை என்பதே அதன் சூட்சுமம்.

தொழில் சட்டத்துக்கு விரோதமானதன்று. அதனை நாம் கண்டிக்கவும் வரவில்லை. வெலிமடையில் உருளைக்கிழங்கு செய்யும் கமக்காரர் ஒருவர், உள்ளூரிற் கிடையாத தெளிகருவி உதிரிப்பாகம் ஒன்றை இவ்வழியாலே வருவிக்கலாம். பதுளை வைத்தியர் ஒருவர் இசைத்தட்டுச் சுழற்றி ஒன்றை வருவிக்கலாம். இருவருக்கும் தோக்கியோவில் ஒரு விலாசம் வேண்டியிருந்தது, வாடகைக்கு எடுத்தார்கள், காரியம் முடிந்தது. ஆனால் இதே கருவியை ஒரு தோட்டத்து லயத்திலே பிறந்த இளைஞன் வாங்க முற்பட்டால் நிகழ்வது யாது? அவனுக்குத் தோக்கியோவிலே வாடகைக்கு விலாசம் கிடைக்கின்றது. தான் பிறந்து வளர்ந்த ஊவாவிலே கிடைப்பதில்லை! உலகத்தின் மறுகோடியில், தான் கண்ணாலும் காணாத பண்டகசாலையிலே தன் பெயருக்கு நேரே ஓர் இலக்கம் உண்டு. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் அறைக்கு இலக்கம் இல்லை. இந்த விபரீதத்தையே நாம் வாசகர்களின் முன் வைக்கின்றோம்.

"லயத்தில் இருப்பவனுக்கு ஜப்பான் ஒலிவாங்கி எதற்கு?" என்று ஒரு கேள்வி உடனே கிளம்புகின்றது. துரைமார் பங்களாவில் மாத்திரமன்று, எம்மவர் வீட்டு முன்றில்களிலும் இக்கேள்வியை நாம் கேட்டிருக்கின்றோம். அரிசிக்கும் மாவுக்கும் வழியில்லாதவனுக்கு ஆடம்பரம் எதற்கென்பது இதன் உட்பொருள். கேட்போர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தோட்டத்தில் வாழும் எம் மக்களின் சரித்திரத்தில் பெரும்பகுதி காகிதத்திலே இல்லை, தொண்டையிலே இருக்கின்றது. தாலாட்டும் ஒப்பாரியும், கொழுந்து மலைப் பாட்டும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும் வாய்வழியாக வந்தவை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கித் தந்தார். நூல் சொல்லைக் காத்தது. மெட்டையும் தப்பின் அடியையும் எவ்வாறு காப்பது? பாடிய கிழவியோடு அவை சுடுகாட்டுக்குப் போய்விடுகின்றன. நல்லதொரு ஒலிப்பதிவுக் கருவியை விரும்பும் இளைஞன், சர்வகலாசாலைகள் செய்திருக்க வேண்டிய வேலையைத் தன் கைப்பணத்திற் செய்யப் புறப்படுகின்றான். இதுவா ஆடம்பரம்?

இந்நாட்டு வானொலியின் பெருமையை நாவினிக்கப் பேசுவோர், அதுவும் பிறநாட்டிலிருந்து பெயர்த்து வைத்த கருவியினாலே வளர்ந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேசப்படைகளுக்காக இங்கே நிறுவப்பட்ட நிலையம் 1949இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. எக்கலையிலிருந்த அதன் 100 கிலோவாட் ஒலிபரப்பியின் வலிமையினாலேதான் இலங்கை வானொலியின் குரல் தென்னிந்தியாவின் தேநீர்க் கடைகள் வரை கேட்டது. நாடு வாங்கினால் முன்னேற்றம், நாட்டின் தொழிலாளி வாங்கினால் ஊதாரித்தனம் என்பது எந்த நியாயம்?

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயமான இடமென முன்னமே குறித்திருந்த மண் அது. எச்சரிக்கை காகிதத்திலே இருந்தது. காதுகளைச் சென்று சேர்ந்திருக்க வேண்டிய முறையிலே சேரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் பதுளை மாவட்டத்தின் சரிவுகளைக் குலைத்து உயிர்களைப் பலிகொண்டது. மின்சாரம் அறுந்து, கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்த இரவிலே, மின்கலத்தால் இயங்கும் கூம்பு ஒலிபெருக்கி ஒன்று ஒரு மலைப்பக்கத்து மக்களை எழுப்பவல்லது. அதனை வாங்க எண்ணும் தோட்டத்து இளைஞர் சங்கத்தைப் பார்த்து நகைக்கும் துணிவு யாருக்கு உண்டு?

ஆகவே, வாங்குதல் தகுமா என்ற கேள்வியை நாம் ஏற்கவில்லை. வாங்கும் வழியில் எம் மக்கள் எவ்வாறு பிழியப்படுகின்றனர் என்பதே கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். பொதி அனுப்புவோர் நிறையைத் தராசில் மாத்திரம் பார்ப்பதில்லை. பெட்டியின் பருமனையும் நிறையாக மாற்றிக் கொள்கின்றனர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரிற் பெருக்கி 5000ஆல் வகுப்பது விமானப் பொதிகளில் வழக்கம். 50 சென்ரிமீற்றர் நீளமும் 40 அகலமும் 40 உயரமும் உள்ள பெட்டியிலே 7 கிலோ நிறையுள்ள ஒலிபெருக்கியை வைத்தால், அது 16 கிலோவாகக் கணக்கிடப்படும். இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. ஒலிபெருக்கி என்பது பெரும்பாலும் காற்றை அடைத்த பெட்டி; காற்றுக்கும் விமானக் கூலி கொடுக்கின்றோம்.

இங்கே வந்த பின்னர் சுங்கம். வரி பொருளின் விலைக்கு மாத்திரமன்று. கப்பற்கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த பெறுமதிக்கே விதிக்கப்படும். பெறுமதி சேர் வரியோ அப்பெறுமதியோடு பத்து வீதத்தைக் கூட்டி, ஏனைய தீர்வைகளையும் கூட்டி, அதன்மீது விதிக்கப்படுவது. 2024 ஜனவரி முதல் அதன் வீதம் 18. கருவி 40,000 ரூபா, கூலியும் காப்புறுதியும் 20,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வேறெந்தத் தீர்வையும் இல்லையென்றே எண்ணினாலும் 66,000 ரூபாவின் மீது 18 வீதம்: 11,880 ரூபா. 2024 செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. கருவியும் கூலியும் 44 நாட் பேர். வரி மாத்திரம் ஏறத்தாழ 9 நாட் பேர்! அதன்பின் 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் சம்பள உயர்வை அறிவித்தது என்பதை அறிவோம். சில நாட்களை அது குறைக்கலாம். கணக்கின் கொடுமையைக் குறைக்காது. அரைப்பேர் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நாட்களை இக்கணக்கிலே நாம் சேர்க்கவுமில்லை.

இதனாலே சிலர், "விலையைக் குறைத்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள்" என்று ஆலோசனை கூறுகின்றனர். இந்த ஆலோசனையைக் கேட்க வேண்டாம். 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் பழையதாயினும் பற்கள் விழுந்த சட்டமன்று. பொய்ப் பெறுமதி காட்டிய பொருள் பறிமுதலாகும், தண்டமும் வரும். காப்புறுதியும் எழுதிய தொகைக்கே கிடைக்கும். 5,000 ரூபா என்று எழுதி உடைந்துபோன கருவிக்கு 40,000 ரூபா கேட்க எந்தச் சட்டத்தரணியாலும் முடியாது.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட்டு, அமெரிக்காவில் 120, எமது 230. 100 வோல்ட்டுக்கென்றே செய்த ஒலிபெருக்கிச் சாதனத்தை லயத்துச் சுவரில் நேரே பொருத்தினால் ஒரு கணத்திலே புகைந்துவிடும். முதுகிலே ஒட்டிய சீட்டில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் அச்சமில்லை. இல்லையேல் இறக்கு மின்மாற்றி ஒன்றும் வாங்க வேண்டும். கம்பியில்லாத ஒலிவாங்கியாயின் தொல்லை வேறு. நாட்டுக்கு நாடு அலைவரிசை ஒதுக்கீடு மாறுபடும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்டுச் சுங்கத்தார் பொதியை நிறுத்தலாம். லிதியம் மின்கலத்தைத் தனியாக அனுப்ப விமானத் தபால் பெரும்பாலும் இணங்காது. இவற்றையெல்லாம் விற்பவர் சொல்வதில்லை. வழியனுப்புவோர் சிற்றெழுத்திலே சொல்லியிருப்பார்.

அந்தச் சிற்றெழுத்தைப் படித்த அளவில் நாம் சொல்லக்கூடியது இது. பொதியனுப்புவோரின் நிபந்தனைகளிலே பொதுவாகக் காணப்படுபவை மூன்று. அவர் பொருளின் தரத்துக்குப் பொறுப்பல்லர். காணாமற்போனால் ஒரு சிறு தொகைக்கு மேற் பொறுப்பல்லர். வழக்காட வேண்டுமாயின் அவர் நாட்டு நீதிமன்றத்துக்கே வரவேண்டும். உற்பத்தியாளரின் உத்தரவாதமோ அந்நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகின்றது. எம்மிடம் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் உண்டு. இரண்டும் உள்ளூர்க் கடைக்காரரைப் பிடிக்க உதவும். தோக்கியோப் பண்டகசாலைக்காரரைப் பதுளை நீதிமன்றத்திலே நிறுத்த அவற்றால் இயலாது. படித்தவர், பணமுள்ளவர் இந்த ஆபத்தை அறிந்தே ஏற்கின்றனர். நட்டம் வந்தால் தாங்கிக்கொள்கின்றனர். லயத்து இளைஞனுக்கு முன்னாலோ, இவையனைத்தும் தீர்ந்த பின்னரும் இன்னொரு மலை நிற்கின்றது.

பசறைப் பகுதித் தோட்டமொன்றிலே சகோதரர் இருவர். ஒருவன் கொழும்பிலே கடைச் சிப்பந்தி. மற்றவன் தோட்டத்திலே கவ்வாத்து வெட்டுபவன். பாட்டியின் பாடல்களையும் தங்கள் தோட்டத்துக் காமன் கூத்தையும் பதிவுசெய்யவென்று ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியை ஜப்பானிலிருந்து வருவித்தனர். வங்கி அட்டை இரவல், நகரத்துக் கடைக்காரருடையது, அதற்கொரு தரகு. தோக்கியோ விலாசம் இரவல், அதற்கொரு கட்டணம். முடிவிலே சேரவேண்டிய இடமாகத் தங்கள் சொந்த இடத்தையே எழுதினர்: பெயர், டிவிசன், தோட்டம், தபால் நகரம், ஐந்திலக்கத் தபாற் குறியீடு. பொதி கொழும்பு வந்தது. வரி செலுத்திப் பெற்றுக்கொள்ளும்படி அறிவித்தல் வந்தது. அறிவித்தல் எங்கே வந்தது? தோட்டக் கந்தோருக்கு. அந்த டிவிசனிலே அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்டோர் ஐவர். கடிதம் முதலில் வேறொருவரிடம் போய், அவர் தமக்குரியதன்றென்று திருப்பிக் கொடுக்க, மேசையிலே கிடந்தது. உரியவன் கைக்கு அது வந்தபோது ஐந்து வாரம் கடந்துவிட்டது. பொதி ஜப்பானுக்குத் திரும்பிப் போயிற்று. அதன்மேல் ஒட்டிய சீட்டில், 'விலாசம் போதாது' என்று குறித்திருந்ததாம். பண்டகசாலைக்காரர் சேமிப்புக் கூலியும் மறு அனுப்புக் கூலியும் கேட்டார். இருவரும் கைவிட்டனர். பாட்டி இருக்கின்றார், குரல் தளர்ந்துகொண்டிருக்கின்றது.

விலாசம் போதாது! ஒரு சமூகத்தின் சரித்திரத்தை இரண்டு சொற்களில் எழுதிய அந்த எழுத்தர் யாரோ நாம் அறியோம்.

வாசகர்களே, தேயிலைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். 1883இல் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது. ஏலத்துக்குப் போகும் தேயிலைக்குத் தோட்டத்தின் குறி உண்டு, தரத்தின் பெயர் உண்டு, இலக்கம் உண்டு. எந்தத் தொழிற்சாலையில் உருவான தேயிலை என்பதை உலகின் எந்தத் துறைமுகத்திலும் ஒரு நொடியிலே சொல்லிவிடலாம். ஹப்புத்தளைக்கு மேலே, லிப்டன் 1890இல் வாங்கிய தம்பேத்தன்னைத் தோட்டத்தின் பெயரை உலகறியும். 1924இல் பதுளை வரை இருப்புப்பாதை வந்ததே இந்தப் பெட்டிகள் வழிதவறாமற் போவதற்காக. கொழுந்துக்கு விலாசம் கண்டுபிடித்தவர்களுக்குக் கொழுந்தைக் கிள்ளியவளுக்கு விலாசம் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேலும் போதவில்லையா? செக்றோலிலே அவளுக்கு இலக்கம் உண்டு என்பார்கள். உண்மைதான். அந்த இலக்கம் அவளிடம் வேலை வாங்குவதற்கு. அவளுக்கு வரும் கடிதத்தை அவளிடம் சேர்ப்பதற்கன்று.

இந்நிலை தற்செயலாக வந்ததன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் செய்த ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. நாளை தலைமன்னாருக்கு வண்டியேற்றப்படக்கூடிய ஒருவனுக்கு இன்று கதவிலக்கம் எதற்கென்று நிர்வாகம் நினைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை சட்டப் புத்தகத்தில் முடிந்தது. கதவு மட்டும் இலக்கமின்றியே நின்றது. உள்ளூராட்சியோ இன்னும் விநோதம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கிராமத்தைப் பேசிற்று, தோட்டத்தைப் பேசவில்லை. வாக்குக் கேட்கத் தோட்டத்துக்கு வந்த அங்கத்தவர், பாதை போடச் சொன்னால் சட்டம் இடந்தராது என்றார். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. சாக்கு அன்றோடு தொலைந்திருக்க வேண்டும். தொலைந்ததா? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். அவர்களில் எத்தனை பேரின் கதவிலே தபாற்காரர் தட்டுகின்றார்?

கம்பெனிகளின் அச்சத்தையும் நாம் அறிவோம். வீட்டுக்கு இலக்கம் கொடுத்தால் நாளை அதைக் காட்டிக் காணி கேட்பார்கள் என்பதே அது. வெளியிலே சொல்லமாட்டார்கள், கந்தோருக்குள்ளே சொல்லுவார்கள். இவ்வச்சம் சட்டம் அறியாதவர்களின் அச்சம். தோட்டக் காணிகளிற் பெரும்பாலானவை அரசுடைமை. 1992க்குப் பின் வந்த பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் குத்தகைக்காரர்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அரசுக்கு எதிராக ஓடாது. கதவில் ஒட்டிய தகரத் தகடு ஒருவருக்கும் உறுதியாகிவிடாது. காணியுரிமையை நாம் கேட்கின்றோம், கேட்டுக்கொண்டே இருப்போம். அதை நேர் வாயிலாற் கேட்கின்றோம், தபாற்காரரின் பைக்குள் மறைத்துக் கேட்கவில்லை. எனவே இந்தச் சிறு தகட்டைத் தடுப்பதற்குக் குத்தகைக்காரருக்கு நியாயமும் இல்லை, இலாபமும் இல்லை. அவருடைய கிளாக்கருக்குக் கடிதம் பிரிக்கும் வேலையாவது மிஞ்சும்.

'லயங்கள் தற்காலிகமானவை, தனி வீடுகள் கட்டிய பின் பார்த்துக்கொள்வோம்' என்பது இன்னொரு பதில். எம்மவருட் சில தலைவர்களும் இதையே மேடையிற் சொல்கின்றனர். லயம் தற்காலிகமானது என்ற வார்த்தைக்கு எத்தனை வயது? அதற்குள்ளே பிறந்தவர்கள் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். தனி வீட்டுத் திட்டத்தை நாம் வரவேற்கின்றோம். ஏழு பேர்ச் காணியிலே எழுந்த வீடுகளுக்குத் தெருப்பெயரும் இலக்கமும் இட்ட இடங்களையும் பாராட்டுகின்றோம். அவ்வீடுகள் எல்லோருக்கும் கிடைக்கும் வரை ஏனையோரின் கடிதங்கள் காத்திருக்குமா? அடையாள அட்டையும், வழக்குத் தவணையும், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் காத்திருக்குமா? ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்காட்டாக வைத்தோம். தவறிப்போன அழைப்புக் கடிதங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. வளைகுடா நாடுகளிலே வீட்டுவேலை செய்யும் எம் பெண்கள் சரக்குக் கம்பெனி மூலம் அனுப்பும் பெட்டிகளின் கதையும் அதுவே. இரண்டு வருஷ உழைப்பிலே வாங்கிய பெட்டியின் மேல் நகரத்துக் கடையொன்றின் விலாசத்தை எழுதவேண்டியிருக்கின்றது. கடைக்காரர் நல்லவராயின் பெட்டி முழுதாக வரும்.

இஃது இயலாத காரியமன்று. அயர்லாந்திலே தெருப்பெயரும் வீட்டிலக்கமும் இல்லாத கிராம வீடுகள் ஏராளம். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள குடும்பங்களும் பல. 2015இல் அந்நாடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் குறியீடு ஒன்றைக் கொடுத்தது. தெருவுக்குப் பெயர் வைக்கும்வரை காத்திருக்கவில்லை. உலகத் தபாற் சங்கம் 2012இல் வெளியிட்ட நூலொன்றின் பொருளே யாவருக்கும் விலாசம் என்பது. எமது குறியீடோ தபாற் கந்தோரோடு நின்றுவிடுகின்றது: 90000 என்றால் பதுளை. அதற்கப்பால் தோட்டம், டிவிசன், லயம், அறை என்று நான்கு படி. அறைக்குப் பதில் ஓர் எண்ணை வைப்பதற்கு மலையைப் பெயர்க்க வேண்டியதில்லை. வண்ணமும் தூரிகையும், பிரதேச சபையின் ஒரு தீர்மானமும், தபால் திணைக்களத்தின் ஒரு சுற்றறிக்கையும் போதும். மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே தகடும் தமிழில் இருக்கவேண்டும். சுங்க அறிவித்தலும் தமிழில் வரவேண்டும்.

பணமும் படிப்பும் உள்ள எம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு விலாசத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பது நல்ல காரியம். கொடுங்கள், தரகு கேளாமற் கொடுங்கள். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் பொதியின் நிபந்தனைகளை அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஆயினும் அதோடு நில்லாதீர்கள். இரவல் விலாசத்திலே வாழ்பவன் இரவல் கொடுத்தவனின் தயவிலே வாழ்கின்றான். உங்கள் பிரதேச சபை அங்கத்தவரிடம், உங்கள் ஊர் வீதிக்கு விளக்குக் கேட்கும் அதே கடிதத்தில், அயல் தோட்டத்து அறைகளுக்கு இலக்கமும் கேளுங்கள்.

எமக்கு வேண்டியது சாட்சியம். அரசியல் யாப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது. அதன்கீழ் நீதிமன்றம் செல்வதாயின் மேடைப் பேச்சை அங்கே கொண்டுபோக முடியாது. ஆகவே தோட்டங்களில் வாழும் எம் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். தோட்டக் கந்தோர் வழியாக வரும் எந்தக் கடிதத்தின் உறையையும் எறிந்துவிட வேண்டாம். உறையின் முன்புறத்தில் தபால் முத்திரைத் தேதி இருக்கும். உங்கள் கையிற் கிடைத்த தேதியைப் பின்புறத்தில் எழுதி, கொண்டுவந்து கொடுத்தவரின் பெயரையும் குறித்து, பக்கத்தில் ஒருவரிடம் சாட்சிக் கையொப்பம் வாங்கிவையுங்கள். திரும்பிப்போன பொதிகளாயின் சுங்க அறிவித்தலையும் பணம் கட்டிய பற்றுச்சீட்டையும் அதனோடு சேர்த்துக் கட்டுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் பத்து உறைகள் எம் கைக்கு வரவேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம். நேரே கொண்டுவந்து கொடுங்கள்.